எண்ணெய் ஸ்டெயின்: இரண்டு பனிக்காலம் கழித்து ஒரு மதிப்பீடு

டெக் என்கிற பின்வளவு மரத் தளத்துக்குப் பூசும் ஸ்டெயினைப் பற்றி, அதாவது மரத்துக்கு நிறமும் காவலும் கொடுக்கும் பூச்சைப் பற்றி, பூசிய வாரத்திலேயே ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. பூசிய வாரத்தில் எல்லா டெக்கும் கலியாண வீடு மாதிரித்தான் இருக்கும். நானும் 2020இல் அப்படி ஒரு புகழுரை எழுதியவன்தான். பிறகு வெட்கப்பட்டு அதை அழித்துவிட்டேன். ஆகவே இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பனிக்காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம். பின்வளவில் பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி டெக், இறங்குவதற்கு நாலு படி, மூன்று பக்கமும் கைபிடி. தெற்குப் பார்த்தது, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் நிழலைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு விதைகளை மட்டும் எங்களுக்கு அனுப்பும். 2017இல் வீடு வாங்கியபோது டெக்குக்கு ஐந்து வயது. ஒன்டாரியோவில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அதே பிரஷர் ட்ரீட்டட் மரம்தான். அதாவது, அழுத்தத்தில் செப்பு மருந்து ஏற்றிய பைன், ஸ்புரூஸ் வகைப் பலகை. மருந்தேற்றிய மரம்தானே, அதற்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மருந்து உக்கலுக்கும் பூச்சிக்கும்தான் காவல். வெயிலுக்கும் மழைக்கும் அது பொறுப்பில்லை. வெயில் மரத்தின் மேல்தோலில் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பசையைத் தின்றுவிடும். மிஞ்சுவதுதான் அந்தச் சாம்பல் நிறம். மழை நனைத்து, வெயில் காய்ச்சி, மறுபடி நனைக்க, பலகை வெடிக்கிறது, வளைகிறது, ஆணி தலை தூக்குகிறது.

எங்கள் டெக் என்ன பாடுபடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாக்குறுதிகள் எல்லாம் இரண்டு கதிரையும் ஒரு வைன் கிளாஸும் வைக்கிற டெக்குக்கானவை. எங்கள் டெக்கில் ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை மீன் பொரிக்கிறோம். வீட்டுக்குள் பொரித்தால் ஒரு கிழமைக்கு ஜக்கெட்டில் மணக்கும் என்பதால் கேஸ் அடுப்பு வெளியேதான். மாமி மோர்மிளகாய் காயப்போடுவா. கறிவேப்பிலைச் சாடிகள் நாலு, மே கடைசியில் வெளியே வரும், செப்டெம்பரில் உள்ளே போகும். பேரப்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். பனிக்காலத்தில் நாய்க்குப் பாதை வெட்ட வேண்டும். ஆகவே இது ஒரு தமிழ் வீட்டு டெக்கின் மதிப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்த முட்டாள்தனங்கள். 2018இல் நிறமே இல்லாத, தண்ணீர் போலத் தெளிந்த பூச்சு ஒன்றை வாங்கி நானே அடித்தேன். மரத்தின் இயல்பான அழகு தெரியும் என்று பேணியில் எழுதியிருந்தது. உண்மைதான், அடுத்த வசந்தம் வரை தெரிந்தது. பிறகு பழையபடி சாம்பல். வெயிலைத் தடுப்பது நிறமிதான். நிறமி இல்லாத பூச்சு தண்ணீரை ஓட்டும், வெயிலை உள்ளே விட்டுவிடும். தெற்குப் பார்த்த டெக்குக்கு அது சரிவராது.

இரண்டாவதுதான் பெரிய முட்டாள்தனம். 2020 கோடையில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். தெரு முழுக்க ஆட்கள் பின்வளவைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கடிதப் பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. வந்தவர் நம்மவர்தான், கொந்தராத்துக்காரர். "அண்ணை, இது பெயின்ட் மாதிரி இல்லை, ரப்பர் மாதிரி. வெடிப்பெல்லாம் மூடிப்போடும். அஞ்சு வருஷத்துக்கு நீங்கள் திரும்பிப் பாக்கத் தேவையில்லை" என்றார். 1,400 டொலர். காலையில், தண்ணீரை வேகமாகப் பீச்சும் பிரஷர் வொஷரால் கழுவினார்கள், மத்தியானம் சாப்பிட்டார்கள், பின்னேரம் பூசினார்கள். ஈர மரத்தின் மேலே பூசுகிறார்களே என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. தடித்த, மண் நிறப் பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று இரவே அந்த ஐந்து நட்சத்திரத்தை எழுதினேன்.

முதல் பனிக்காலம் முடிய அங்கங்கே கொப்புளம். இரண்டாவது முடிய, 2022 ஏப்ரலில், மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டா: "தம்பி, உதென்ன, பாம்புச் சட்டை மாதிரி உரியுது?"

அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பூச்சு ஒரு சட்டையாக மேலே நிற்கிறது. பலகையின் அடிப்பக்கம் பூசாமல் திறந்திருக்கிறது. ஆணித் துளை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் அடியிலிருந்தும் தண்ணீர் உள்ளே போகிறது, மேலே வர வழி இல்லை. ரொறன்ரோவில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பகலில் உருகும், இரவில் உறையும். உறைகிற தண்ணீர் பருக்கும், பருத்தால் சட்டையைத் தூக்கும். ஏப்ரல் வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மீதியையும் தள்ளிவிடும். உரிந்த இடத்தில் மாத்திரம் திரும்பப் பூசலாமா என்றால், ஓரத்தில் ஒட்டியிருப்பதும் அடுத்த வருடம் உரியப் போகிறது. கொந்தராத்துக்காரரின் தொலைபேசி அப்போதே வேலை செய்யவில்லை.

பலகைகளை மாற்றினால் எவ்வளவு என்று ஒருவரைக் கேட்டேன். மர விலை ஏறியிருந்த காலம். அவர் சொன்ன கணக்கைக் கேட்டு, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு சிறிய பெயின்ட் கடைக்குப் போனேன். பெரிய கடைகளில் வாரவிடுமுறைக்கு நிற்கும் பிள்ளைகள் பாவம், அவர்களுக்கு எது எந்த அலுமாரியில் என்று தெரியும், அவ்வளவுதான். இந்தக் கடையில் ஒரு கிழவர். போர்த்துக்கல்காரர் என்று நினைக்கிறேன். நான் ஸ்டெயின் வேண்டும் என்றதும் பேணியை எடுக்கவில்லை, கேள்வி கேட்டார். முன்னே என்ன பூசியிருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில்? தண்ணீர் ஊற்றினால் மரம் குடிக்கிறதா, முத்து முத்தாக நிற்கிறதா? மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "பழைய பூச்சு முழுவதும் போகும்வரை உனக்கு விற்க என்னிடம் ஒன்றும் இல்லை, நண்பா. மரம் தண்ணீர் குடிக்கத் தொடங்கியதும் வா" என்று அனுப்பிவிட்டார். கையில் காசு வைத்திருக்கிறவனைத் திருப்பி அனுப்பிய கடைக்கு அந்த நிமிடமே ஐந்து நட்சத்திரம்.

அவரிடம் எங்கள் ஊர்க் கதை ஒன்று சொன்னேன். அப்பா வீட்டுக்கு ஓடு மாற்றும்போதெல்லாம் ஓட்டைத் தாங்கும் பனஞ்சிலாகைகளுக்கு லொறிக் கராஜில் வாங்கிய கழிவெண்ணெய் பூசுவார், கறையானுக்காக. வீடு ஒரு மாதம் இயந்திரம் மாதிரி மணக்கும். கிழவர் சிரித்துவிட்டு, தன் தகப்பனும் வண்டிச் சக்கரத்துக்கு அதைத்தான் செய்தவர் என்றார். பிறகு விரலை ஆட்டி, இங்கே மட்டும் செய்துவிடாதே என்றார். அது நச்சு, காயாது, காலில் ஒட்டி வீட்டுக்குள் வரும், மழையில் மண்ணுக்குள் போகும். அப்பாவின் எண்ணத்தில் பிழை இல்லை, எண்ணெயில்தான் பிழை.

சரி, பழைய பூச்சை எடுத்த கதை. 2023 ஓகஸ்டில் மூன்று வாரவிடுமுறை போனது. பூச்சு உரிக்கும் மருந்து காரமானது. தோலில் பட்டால் சுடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. மெல்லிய பூச்சு என்றால் அது கூழாக்கிக் கொடுத்துவிடும். ரப்பர் மாதிரித் தடித்த இந்தச் சனியன் பாதிதான் இளகியது. மீதிக்கு, வாடகைக்கு ஒரு பெரிய தேய்க்கும் இயந்திரம் எடுத்தேன். அதற்கு முன்னால் எல்லா ஆணித் தலையையும் பலகைக்குள் இறக்க வேண்டும். இரண்டு தலை தப்பியிருந்தது, இரண்டு உப்புத்தாளும் கிழிந்தது. தாள் 60ஆம் இலக்கம். இன்னும் நைசாகத் தேய்த்தால் தடவப் பட்டுப்போல இருக்கும், ஆனால் மரத்தின் வாய் மூடிவிடும், எண்ணெய் உள்ளே இறங்காது. மருந்தேற்றிய மரத்தின் தூள் சுவாசத்துக்குக் கூடாது, நல்ல முகமூடி போட வேண்டும். உங்கள் டெக் 2004க்கு முந்தியது என்றால் இன்னும் கவனம். அந்தக் காலத்து மருந்தில் ஆர்செனிக் இருந்தது. 2003 முடிவோடுதான் வீட்டுத் தேவைக்கான மரங்களில் அதை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட டெக்கைத் தேய்க்காமல் விடுவதே நல்லது. எந்தக் காலத்து மருந்து மரமானாலும் துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

பிரஷர் வொஷர் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பெடியன் தன்னுடையதைக் கொண்டுவந்து உதவுகிறேன் என்று நின்றான், நல்ல பிள்ளை. கூரான முனையைப் போட்டு ஒரு பலகையில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதிக் காட்டினான். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. அகல விசிறும் முனை போட்டு, அழுத்தத்தைக் குறைத்து, ஒரு அடி தள்ளிப் பிடித்தால் அழுக்கு போகும். கிட்டப் பிடித்தால் மரமே பஞ்சாகும். எனக்குத் தோட்டக் குழாயும் தும்பு பிரஷும் போதுமாக இருந்தது.

கழுவுவதற்கு வாங்கியது சோடியம் பெர்கார்பனேட் தூள், ஒக்சிஜன் பிளீச் என்று விற்பது. இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் இந்த முழு வேலையிலும் விலைக்கு மேலே உழைத்த பொருள் இதுதான். வெந்நீரில் கரைத்து, பலகையில் ஊற்றி, பதினைந்து நிமிடம் காயவிடாமல் வைத்தால் தானாக நுரைக்கும். பச்சைப் பாசி, கறுப்புப் பூஞ்சணம், சாம்பல் தோல் எல்லாம் நுரையோடு வந்துவிடும். சாதாரண குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள். அது மரத்தை வெளிறச் செய்யும், நாரையும் அரிக்கும். பெர்கார்பனேட் போட்டுக் கழுவியதும் மரம் கறுத்துத் தெரிந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இருந்ததையும் கெடுத்துப் போட்டியள்" என்று உள்ளே போய்விட்டா. அதற்கு அடுத்த படி ஒக்சாலிக் அமிலக் கரைசல். அதைத் தெளித்துப் பத்து நிமிடம்தான். கறுப்பு கலைந்து, நேற்று மர ஆலையிலிருந்து வந்த பலகை மாதிரி வெளிறிப் பொன்னிறமாகிவிட்டது. ஆணியைச் சுற்றியிருந்த கறுப்புக் கறைகளும் போயின. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தேத்தண்ணீர் வந்தது. இரண்டு கரைசலுக்கும் முன்னால் சுற்றியுள்ள செடிகளைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, கறிவேப்பிலைச் சாடிகளைத் தூர வைத்துவிட வேண்டும். பதினாறு வருடமாக வளர்க்கும் செடி ஒன்று இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இந்த மதிப்பீட்டை வேறு வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அடுப்பு நிற்கும் மூலைதான் மிஞ்சியது. ஆறு வருட மீன் எண்ணெய், தேங்காயெண்ணெய். தண்ணீர் தெளித்தால் அந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாக நின்றது. எண்ணெய் ஊறிய மரம் இன்னொரு எண்ணெயைக் குடிக்காது. பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டு இரண்டு முறை உரஞ்சி, பிறகு ஒருமுறை தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் அந்த மூலை ஒரு நிறம் கூடுதலாகத்தான் இருக்கிறது. மீன் பொரிக்கிற வீடுகள் முதல் நாளிலேயே அடுப்புக்குக் கீழே ஒரு தகரத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தலைப்பில் சொன்ன ஸ்டெயின். கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை. மறைப்பதற்காக இல்லை. ஒரே கம்பெனி ஒரே மாதிரிப் பேணியில் நாலு வகை விற்கிறது. பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பக்கத்துப் பேணியைத் தூக்கி வந்துவிடுவீர்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. பேணியில் மூன்று சொல்லைத் தேடுங்கள்: ஓயில் பேஸ், பெனட்ரேட்டிங், செமி டிரான்ஸ்பேரன்ட். எண்ணெயில் செய்தது, மரத்துக்குள் இறங்குவது, மரத்தின் ரேகை தெரிகிற அளவுக்கு நிறமி உள்ளது. ‘சொலிட்’ என்று இருந்தால் அது மேலே நிற்கும் வகை, கீழே வைத்துவிடுங்கள்.

கிழவரிடம் திரும்பிப் போனபோது, கறுவா நிறம் என்று சொல்லக்கூடிய ஒரு மண்ணிறத்தைக் காட்டினார். மூன்று பேணி வாங்கினேன், ஒவ்வொன்றும் 3.78 லீற்றர். பேணியில் போட்டிருந்த பரப்பளவை நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். அது புது மரத்துக்கான கணக்கு. தேய்த்த பழைய மரம் கள்ளுக் குடிக்கிற மாதிரிக் குடிக்கும். அவர் கள்ளு என்று சொல்லவில்லை, அது என் மொழிபெயர்ப்பு. தரைக்கும் படிக்கும் கைபிடிக்குமாக இரண்டரைப் பேணி முடிந்தது.

கழுவிய பிறகு மூன்று முழு நாள் காயவிட்டேன். பூசியது செப்டெம்பர் முதல் வாரத்தில், 18 பாகை வெப்பம், மேகமூட்டம், அடுத்த இரண்டு நாளுக்கு மழை இல்லை என்று பார்த்துக்கொண்டு. சுடுகிற பலகையில் பூசினால் எண்ணெய் உள்ளே போகுமுன் மேலேயே காய்ந்துவிடும். உருளையால் அடிக்கலாம் என்று சொல்வார்கள். எனக்கு நாலங்குல பிரஷ்தான் வசதி. முக்கியமான ஒன்று: இரண்டு பலகையை எடுத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் இரட்டைக் கறை விழும். பலகையின் அறுத்த நுனிகளுக்கு இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். அதுதான் மிகக் கூடுதலாகக் குடிக்கும், உக்கலும் அங்கேதான் தொடங்கும்.

அப்புறம், கூடப் பூசுவதுதான் இந்த வகையில் எல்லோரும் விடும் பிழை. இருபது நிமிடம் கழித்தும் மேலே எண்ணெய் தேங்கி மினுங்கினால் பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும். நான் படியில் துடைக்க மறந்த ஒரு இடத்தில் மாமியின் செருப்பு ஒட்டிக்கொண்டது. செருப்பு அங்கே நிற்க மாமி வெறுங்காலோடு உள்ளே வந்தா.

அந்தப் பழந்துணிகள் பற்றி மிகவும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். காயும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும். துணியைக் கசக்கிக் குவித்துக் குப்பைத் தொட்டியிலோ கராஜிலோ போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். இது பேணியின் பின்னால் எறும்பு எழுத்தில் இருக்கிறது. துணிகளை வெளியே தட்டையாக விரித்து விறைக்கக் காயவிடுங்கள். அல்லது தகரப் பேணியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அமிழ்த்தி மூடிவையுங்கள். என் கொந்தராத்துக்காரர்கள் அன்று துணிகளை எங்கே எறிந்தார்கள் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கைபிடிதான் ஆளைக் கொன்றது. எண்பத்திரண்டு சட்டம். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். தரை முழுவதையும் மூன்று மணி நேரத்தில் முடித்தவன், கைபிடிக்கு இரண்டு நாள் குந்தியிருந்தேன். அதுவும் பழைய பூச்சு முழுதாகப் போகாத இடங்கள் சட்டங்களின் இடுக்கில் இன்னும் இருக்கின்றன. யாராவது கூலிக்கு இந்த வேலைக்கு விலை சொன்னால், அதில் முக்கால்வாசி கைபிடிக்கு என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

சரி, இரண்டு பனிக்காலத்துக்குப் பிறகு என்ன நிலை?

ஒரு துண்டுகூட உரியவில்லை. உரிய அங்கே சட்டை இல்லை. நிறம் மங்கியிருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. 2025 ஏப்ரலில் பனி போனபோது, வெயில் கூடப் படும் படிகளும் கதவிலிருந்து அடுப்புக்குப் போகும் நடைபாதையும் வெளிறிக் கிடந்தன. கைபிடி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, நேராக நிற்பதில் வெயிலும் பனியும் தங்காது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நடுவில் முத்தாக நின்றது, படியில் உடனே குடித்தது. குடித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெர்கார்பனேட் போட்டுக் கழுவினேன். சனி முழுவதும் காய்ந்தது. அன்று ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்விட்டோம். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கி, தரைக்கும் படிக்கும் மட்டும் ஒருமுறை பூசி, பதினொன்றரைக்குக் குளித்துவிட்டேன். உரித்தல் இல்லை, தேய்த்தல் இல்லை, வாடகை இயந்திரம் இல்லை. மிஞ்சியிருந்த அரைப் பேணியோடு புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பூசினேன், நிறம் சற்று மாறினாலும் தெரியாமல் இருக்க. நான் காசு கொடுத்தது இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

குறைகளும் உண்டு. மணம் இரண்டு மூன்று நாள் நிற்கும். மாமி ஒரு கிழமைக்கு மிளகாய்ச் சுளகைக் கராஜ் வாசலுக்கு மாற்றிவிட்டா, "உந்த எண்ணெய் மணத்தில காயப்போட்டா மிளகாய் சபைக்கு வைக்க ஏலாது" என்று. இந்த ஸ்டெயின் எதையும் மூடாது. வெடிப்பு வெடிப்பாகவே தெரியும், பெடியன் எழுதிய எழுத்து எழுத்தாகவே தெரியும். வீட்டை விற்பதற்கு முன் ஒரு மாதத்துக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு இது வேண்டாம். வெயில் படும் இடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசத்தான் வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் ஒன்றும் பூசாமல் சாம்பலாக விட்டுவிடுவது மேல். உண்மையாகத்தான் சொல்கிறேன், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் சாம்பல் டெக் பல வருடம் நிற்கும். உரிந்த டெக்கைப் பார்ப்பதைவிடச் சாம்பல் டெக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

இடையில் செய்யும் சின்னப் பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பலகை இடுக்குகளில் மேப்பிள் விதை விழுந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். பழைய மேசைக் கத்தியால் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கிண்டி எடுக்கிறேன். ஒருமுறை விட்டதில் இடுக்குக்குள் மூன்று மேப்பிள் கன்று முளைத்து நின்றது. சாடிகளுக்குக் கீழே மூன்று மரத் துண்டு வைத்துத் தூக்கிவைக்கிறேன். முன்பு நேராக வைத்ததில் நாலு கறுப்பு வட்டம் விழுந்தது, ஒக்சாலிக்குக்கும் அது முழுதாகப் பணியவில்லை. வாசலில் இருந்த ரப்பர் கால்மிதியை எடுத்து எறிந்துவிட்டேன், அதன் கீழே மரம் காய்ந்ததே இல்லை. பனி வெட்ட இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் மண்வெட்டி. அதுவும் பலகையின் நீளப்பாட்டுக்குத் தள்ள வேண்டும், குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு ஓரத்திலும் கீறும். உப்புப் போடுவதில்லை. வழுக்கினால் கொஞ்சம் மணல்.

செலவுக் கணக்கும் கேட்பீர்கள். 2023இல் உரிக்கும் மருந்து, பெர்கார்பனேட், ஒக்சாலிக், இயந்திர வாடகை, உப்புத்தாள், பிரஷ், மூன்று பேணி ஸ்டெயின் எல்லாம் வரியோடு 560 டொலருக்குக் கிட்ட வந்தது. முதுகுவலிக்குப் பூசிய தைலம் சேர்க்கவில்லை. பழைய பூச்சு இல்லாத டெக்காக இருந்தால் அதில் பாதிதான் வந்திருக்கும். 2025இல் ஒரு பேணியும் ஒரு வாளித் தூளும், நூறுக்குச் சற்று மேலே.

எண்ணெய் ஸ்டெயினுக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று மணத்துக்கும் கைபிடிக்கும், கைபிடி அதன் குற்றம் இல்லை என்றாலும். பெர்கார்பனேட்டுக்கு ஐந்து. கடைக் கிழவருக்குப் புள்ளி போட நான் யார்? போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஒரு சுளகில் பட்ட இந்த எண்ணெய்க் கறை போகுமா என்று அவரிடம் கேட்டேன். சுளகு என்றால் என்னவென்று விளக்கப் பத்து நிமிடம் போனது. கடைசியில் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினேன். அதை வாங்கி விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.